மஞ்சள் சட்டைக்குள் ஒரு நீல ரசிகர்

என் தங்கை தேன்மொழி என்னை அபுதாபிக்கு அனுப்பியது ஒரே ஒரு வேலைக்காக. அவளுடைய கணவர் செல்வராசுவைக் கையோடு கூட்டிவர வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டையில் மகள் கயல்விழிக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் பிடித்தாகிவிட்டது. சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எத்தனை வேனில் வருவார்கள் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. பெண்ணின் அப்பா வருவாரா என்பது மட்டும் தெரியவில்லை. “லீவு போட்டிருக்கேன், பெண்டிங்ல இருக்கு” என்பதற்கு மேல் அவர் தொலைபேசியில் எதுவும் சொல்வதில்லை.

“நீ பேப்பர்ல இருந்த ஆளுண்ணே. நேர்ல போயி நாலு கேள்வி கேட்டா உண்மை தானா வந்துரும்” என்றாள் தேன்மொழி.

திருச்சியில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பல வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாலு கேள்வி கேட்டால் உண்மை வந்துவிடும் என்று பத்திரிகையில் வேலை பார்க்காதவர்கள்தான் நம்புவார்கள். ஆனாலும் கிளம்பினேன்.

அபுதாபி விமான நிலையத்திலிருந்து முசஃபா போகும் சாலையில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை இருந்தது. உலக்கை போன்ற மட்டையை ஓங்கியபடி ஒருவர் கோபமாக நின்றார். டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். அது என்ன ஆட்டம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

“கிட்டிப்புள் தான் பாய். புள்ளை உருண்டையாக்கிவிட்டார்கள். அதனால் டிக்கெட் போட்டு விற்க முடிகிறது” என்றார்.

முசஃபா என்பது பட்டறைகளின் ஊர். ஒரு லேத், ஒரு டயர் கடை, ஒரு கஃபேட்டீரியா, திரும்ப ஒரு லேத் என்று தெருக்கள் போகும். எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருப்பதால் ஒரே டயர் கடையை நாங்கள் மூன்று முறை கடந்தோம். மூன்றாவது முறை அந்தக் கடைக்காரர் எங்களுக்குக் கையசைத்தார். அவரிடமே வழி கேட்டோம். செல்வராசு தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் அந்தக் கடைக்குப் பின்னால்தான் இருந்தது.

செல்வராசு அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் பட்டறையில் வெல்டிங் ஃபோர்மேன். கயல் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். டூட்டி முடிந்து வந்தவர் கை கால் கழுவிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். “வாங்க மச்சான். தேனு எப்படி இருக்கா? புள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

“நேத்து மேட்ச் பாத்தீங்களா?”

“எந்த மேட்ச் மாப்ளே?”

“பேஸ்பால். நீலக்காரன் ஜெயிச்சிருக்கணும் மச்சான். மேனேஜர் கெடுத்துட்டான். அவனையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்னு தெரியல.”

நான் வேலை பார்த்த நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுவது பேஸ்பால் செய்தியைத்தான். அதற்காக ஒரு வாசகர்கூட இதுவரை கடிதம் எழுதியதில்லை. அந்த ஆட்டத்தின் நிர்வாகக் குளறுபடிகளைப் பற்றி ஒரு பட்டுக்கோட்டைக்காரர் முசஃபாவில் கயிற்றுக் கொடியில் துண்டைக் காயப்போட்டபடி பேசிக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

“அது கிடக்கட்டும். லீவு என்னாச்சு?”

“பெண்டிங்” என்றார். கைபேசியில் கம்பெனியின் செயலியைத் திறந்து காட்டினார். மஞ்சள் நிறத்தில் ஒரு மணல் கடிகாரம் சுழன்றுகொண்டே இருந்தது. “ரிப்ளேஸ்மென்ட் ஆள் வரணுமாம். வந்தாத்தான் அப்ரூவ் பண்ணுவாங்க. ரெண்டு மாசமா இதே பதில்தான்.”

அந்த அறையில் ஆறு பேர். கீழ்க்கட்டிலில் படுத்திருந்த முனியசாமி பரமக்குடிப் பக்கத்துக்காரர், கிரைண்டிங் வேலை. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அண்ணே, எத்தன நாள் லீவு கேட்டிருக்காகன்னு கேளுங்க.”

கேட்டேன். செல்வராசு சுவரைப் பார்த்தார்.

“ஒரு வாரம்” என்றார் முனியசாமி. “பெத்த மக நிச்சயத்துக்கு ஒரே வாரம். ஃபைனலுக்குத் திரும்பி வரணும்ல!”

உண்மை தானாக வந்துவிட்டது. நான் நாலு கேள்வி கேட்கவேண்டிய தேவைகூட ஏற்படவில்லை.

மறுநாள் காலை ஹக்கீம் காக்காவின் கஃபேட்டீரியாவில் கதையின் மீதி கிடைத்தது. ஹக்கீம் காக்கா கீழக்கரைக்காரர்; அந்தப் பக்கம் காக்கா என்றால் அண்ணன். தமிழ்நாட்டுக்காரர்கள் யார் வந்தாலும் எழுந்து நின்று வரவேற்பார், பிறகு உட்கார்ந்தே பில் போடுவார். கெட்டியாகக் காய்ச்சிய கரக் டீயும் முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டாவும் வாங்கித் தந்தார் செல்வராசு. இட்லியும் இருந்தது. சாம்பாரைக் கேரளத்துக்காரர் வைத்திருந்தார், சட்னியை நேபாளத்துக்காரர் அரைத்திருந்தார், இட்லி யார் ஊற்றியது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பரோட்டாவே பாதுகாப்பு என்று முடிவு செய்தேன்.

கதை இதுதான். கம்பெனியின் முதலாளிக்கு, தொழிலாளிகள் வாயில் அர்பாப், சென்ற வருடம் ஒரு விளையாட்டு அணி வாங்கும் ஆசை வந்தது. கிரிக்கெட் அணிகளை மற்றவர்கள் வாங்கிவிட்டார்கள். கால்பந்து விலை படியவில்லை. புதிதாகத் தொடங்கிய பேஸ்பால் போட்டியில் ஒரு அணி மிச்சமிருந்தது. வாங்கிவிட்டார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான, வீரமான பெயர் உண்டு. தொழிலாளிகள் யாரும் அதைச் சொல்வதில்லை. சட்டையின் நிறத்தை வைத்து ‘மஞ்சள்’ என்பார்கள்.

அணி வந்துவிட்டது. ரசிகர் வரவில்லை. எனவே கம்பெனியே ரசிகர்களை அனுப்பியது. வாரம் ஒருமுறை டூட்டி முடிந்ததும் ஏசி பஸ், ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு கொடி, ஒரு பிரியாணிப் பொட்டலம். இதற்கு ‘மேட்ச் டூட்டி’ என்று பெயர். எங்கள் ஊரில் லாரியில் ஏற்றிப் பொட்டலம் கொடுத்து மைதானத்தில் உட்கார வைப்பதைக் கூட்டம் சேர்ப்பது என்போம். இங்கே அதற்கென்றே ஒரு துறை இருந்தது. கதவில் ‘ரசிகர் மேம்பாடு’ என்று பலகையும் இருந்தது.

முதல் ஆட்டத்தன்று பஸ் டிரைவர் இவர்களைத் தவறான வாசலில் இறக்கிவிட்டார். அது எதிரணியின் வாசல். அங்கே நின்றவர்கள் வேறொரு கம்பெனியின் ஆட்கள் என்று நினைத்து இவர்களுக்கும் ஆளுக்கொரு நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள். கொடுத்த சட்டையைப் போட்டுக்கொள்வதுதான் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் முதல் விதி. போட்டுக்கொண்டார்கள். நீலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அதே வாசல், அதே சட்டை. நீலம் இரண்டிலும் வென்றது. தன் பணத்தில் வந்த பஸ் எதிரணிக்குக் கூட்டம் சேர்ப்பதை மூன்றாவது ஆட்டத்தில்தான் அர்பாப் கண்டுபிடித்தார்.

“அப்புறம் எல்லாருக்கும் மஞ்சச் சட்டை குடுத்தாங்க” என்றார் செல்வராசு.

“எல்லாரும் மாறிட்டாங்க தம்பி, ஒரு நிமிசத்துல” என்றார் ஹக்கீம் காக்கா. “சட்டையோட மனசும் மாறிடிச்சு. அதானே புத்தி? இவரு ஒருத்தருதான் மாற மாட்டேங்குறாரு. நான் இங்க கடை போட்டதுலேர்ந்து எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். விசாவுக்கு விசுவாசமா இருக்குறவன் உண்டு, விசா குடுத்த கபீலுக்கு விசுவாசமா இருக்குறவன் உண்டு. சும்மா மாட்டிவிட்ட சட்டைக்கு விசுவாசமா இருக்குற ஆளு இவரு ஒருத்தருதான்.”

“அதெல்லாம் இல்ல காக்கா. மஞ்சளோட மேனேஜ்மென்ட் சரியில்ல.”

“நீலத்தோட மேனேஜரும் சரியில்லன்னு நேத்துத் திட்டினீங்களே?”

“அவன் நம்ம ஆளு. திட்டலாம்.”

அன்று மாலை பேஸ்பாலின் நிர்வாகத் தத்துவத்தை அவர் எனக்கு விளக்கினார். அவருடைய கருத்துகள் உறுதியானவை. சில தவறானவை. பிட்சர், அதாவது பந்து எறிபவர், கிரிக்கெட் பவுலர் போலத்தான். ஆனால் ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. “கலாஸ்! கதை முடிஞ்சுது. கிரிக்கெட்டுல அடுத்த ஓவர் குடுத்துச் சமாதானப்படுத்துற மாதிரி இல்ல.” அணியின் மேனேஜரும் ஆட்டக்காரர்களைப் போலவே சட்டையும் தொப்பியும் போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆளை மாற்ற வேண்டுமென்றால் தானே மைதானத்துக்கு நடந்து வந்து பிட்சர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். இது செல்வராசுவை மிகவும் கவர்ந்த காட்சி. “மேனேஜரே சைட்டுக்கு வர்றான் மச்சான்! நம்ம கம்பெனியில எவன் வந்திருக்கான்?”

அதைவிட அவரைக் கவர்ந்தது ஒன்று இருந்தது. ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தின் மூலையில் மாற்று பிட்சர்கள் நின்று எறிந்து பழகிக்கொண்டே இருப்பார்கள்.

“பாருங்க, ஆள் களைச்சுப் போறதுக்கு முன்னாடியே ரிப்ளேஸ்மென்ட் ரெடி. அதுக்கப்புறமும் மாத்தாம வச்சிருக்கான்னா அது யார் தப்பு? மேனேஜர் தப்பு. ஆளு இல்லங்குற சாக்கே கிடையாது.”

ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஃபோர்மேனுக்கு இந்த ஆட்டம் ஏன் பிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. கிரிக்கெட்டை அவர் ஆட்டமாகப் பார்த்தார். பேஸ்பாலை ஒரு புகார் மனுவாகப் பார்த்தார்.

புதன்கிழமை கம்பெனியின் அட்மின் மேனேஜரைப் பார்க்கப் போனோம். லீவுகளை அனுமதிப்பதும் ரசிகர்களை மேம்படுத்துவதும் அவர்தான். இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒரு நாற்காலியை நடுவில் வைத்திருந்தார். லீவு பற்றிப் பேசும்போது இடப்பக்கம் திரும்பினார், ஆட்டம் பற்றிப் பேசும்போது வலப்பக்கம். நிச்சயதார்த்தம், மண்டபம், மனைவியின் அண்ணனே நேரில் வந்திருப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இந்தியும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதன் சாரம் இது: ரிப்ளேஸ்மென்ட் ஆள் குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு சைட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவர் வர நாளாகும். ஆனால் நாளை ஆட்டத்தில் மஞ்சள் ஜெயித்தால் அர்பாப் சந்தோஷமாக இருப்பார். சந்தோஷமாக இருக்கும்போது எதை நீட்டினாலும் சரி என்பார். நிலுவையில் உள்ள லீவுகள் அத்தனையையும் அப்போதே நீட்டிவிடுவேன் என்றார்.

“தோற்றால்?” என்று கேட்டேன்.

அவர் இடப்பக்கம் திரும்பினார். “தோற்றால் ஃபைனலுக்குப் பிறகு பார்க்கலாம்.”

வெளியே வந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன். “நாளைக்கு மஞ்சளுக்கு யாரோட ஆட்டம் மாப்ளே?”

செல்வராசு செருப்பு நுனியால் மணலைக் கிளறினார். “நீலத்தோட” என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தேன்மொழி அழைத்தாள். நிலவரத்தை அப்படியே சொன்னேன். “எம் பொண்ணு நிச்சயம் எவனோ பந்தடிக்கிறதுலயா இருக்கு?” என்றாள். பிறகு போனைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசியது கேட்டது. “சரி... சரி... மஞ்சளுக்கே கத்துறேன்... சத்தியமா... சரி.”

வியாழக்கிழமை பஸ் துபாய் நெடுஞ்சாலையில் போனது. மஞ்சள் சட்டையில் ஐம்பது பேர். எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். மைதானத்துக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்பதால் வெயில் தாழாத நேரத்திலேயே வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பிரியாணியைத் தின்று முடித்தோம். எங்களுக்கு எதிரே நீலச் சட்டைக்காரர்கள் இன்னொரு பஸ்ஸின் நிழலில் அதே பிரியாணியைத் தின்றுகொண்டிருந்தார்கள். பொட்டலத்தில் அச்சிட்டிருந்த ஓட்டலின் பெயரும் ஒன்றே. இரு தரப்பு ரசிகர்களும் ஊறுகாயைப் பரிமாறிக்கொண்டார்கள்.

இந்த முறை வாசல் சரியாக இருந்தது. அட்மின் மேனேஜர் பஸ்ஸிலேயே ஒருமுறையும் வாசலில் ஒருமுறையும் அறிவுரை சொன்னார்: “நான் கொடியைத் தூக்கினால் கத்த வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும். ஜல்தி, ஜல்தி, உட்காருங்கள்.” அவருக்கும் ஆட்டம் தெரியாது. யாரோ கைபேசியில் அனுப்பும் செய்தியைப் பார்த்துத்தான் கொடியைத் தூக்கினார். செய்தி தாமதமாக வந்ததால் மஞ்சள் ஓட்டம் எடுத்தபோது நாங்கள் மௌனமாக இருந்தோம், அடுத்தவர் அவுட் ஆனபோது ஆரவாரம் செய்தோம்.

காசு கொடுத்து வந்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அமெரிக்கர். ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை, பாலைவனத்தைத் தாண்டி மணிக்கணக்கில் காரோட்டி வந்தவர். ரொட்டிக்குள் படுத்திருந்த கோழி சாசேஜ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செல்வராசு ஒவ்வொரு பந்துக்கும் முணுமுணுப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன். குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் ஹெல்ப்பர் கிரேடு, அவர் பேச்சைக் கேட்டு பிட்சர் எறியக் கூடாது என்பது செல்வராசுவின் கருத்து.

“முழுக்கத் தவறு” என்றார் அமெரிக்கர். “அவர்தான் ஆட்டத்தையே நடத்துகிறார். ஆனால் இவ்வளவு நிச்சயமாகத் தவறு செய்கிறவர்களை நம்பித்தான் எங்கள் ஊரில் இந்த விளையாட்டு ஓடுகிறது. உங்கள் உறவினர் அசல் ரசிகர்.”

நான் அதைத் தமிழில் சொன்னபோது முதல் பாதியை விட்டுவிட்டேன்.

செல்வராசு வாக்குத் தவறவில்லை. கொடி ஏறியபோதெல்லாம் மஞ்சளுக்காகக் கத்தினார். பல்லைப் பிடுங்கும்போது வரும் சத்தம் அது. நீலம் நன்றாக ஆடியபோது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். முனியசாமி பின் வரிசையிலிருந்து காதில் ஓதியபடியே இருந்தார்: “கயல நெனச்சுக்கங்கண்ணே. மண்டபத்த நெனச்சுக்கங்க.”

கடைசிச் சுற்று வந்தது. நீலம் ஒரே ஓட்டம் முன்னிலையில் இருந்தது. மஞ்சளுக்கு ஒரு அவுட் மட்டுமே பாக்கி, ஆனால் இரண்டு பேர் பாதி வழியில் நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வந்துவிடுவார்கள், மஞ்சள் ஜெயித்துவிடும். நீல பிட்சர் ஓய்ந்துபோயிருந்தார். எறிந்த பந்துகள் எங்கெங்கோ போயின. இன்னும் இரண்டு பந்து அவரே எறிந்தால் மஞ்சளின் வெற்றி நிச்சயம் என்று எனக்கே தெரிந்தது. கண்ணாடி அறைக்குள் அர்பாப் எழுந்து நிற்பது தூரத்திலிருந்து தெரிந்தது. அட்மின் மேனேஜர் ஒரு கையில் கொடியும் மறுகையில் கைபேசியுமாகத் தயாராக இருந்தார். லீவு செயலி அதில் திறந்தே இருந்திருக்க வேண்டும்.

செல்வராசு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

“களைச்சுட்டான் மச்சான்” என்றார் தணிந்த குரலில்.

“களைக்கட்டும் மாப்ளே. நமக்கு நல்லதுதான்.”

“இல்ல மச்சான். கையே தூக்க முடியல அவனுக்கு. மூலையில ஆளு ரெடியா நிக்கிறான், பாருங்க. அந்த மேனேஜர் பாட்டுக்கு உக்காந்திருக்கான்.”

“மாப்ளே, உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. எழுந்தார். நாற்காலி மேலேயே ஏறினார். பிறகு வந்த குரலை அவருக்கு என் தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து நான் கேட்டதில்லை.

“மாத்துடா! யோவ் மேனேஜர்! சேஞ்ச் பண்ணுய்யா! ஆளு செத்துக்கிட்டு இருக்கான், ரிப்ளேஸ்மென்ட்ட வச்சுக்கிட்டு என்னய்யா பண்ற? யல்லா! மாத்து!”

கொடி ஏறாத நேரமாதலால் மஞ்சள் பகுதி முழுவதும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் இந்த ஒரு குரல் மைதானம் வரை போனது. நீலத்தின் மேனேஜர் தற்செயலாகவோ என்னவோ அதே நொடியில் எழுந்து நடந்து வந்தார். பிட்சரின் கையிலிருந்து பந்தை வாங்கினார். மூலையில் நின்ற ஆள் ஓடி வந்தார்.

“மாத்திட்டான்!” என்றார் செல்வராசு என்னைப் பார்த்து. கண் கலங்கியிருந்தது. “கேட்டுட்டான் மச்சான்!”

புதியவர் எறிந்த பந்தை மஞ்சள்காரர் வெளுத்துவிட்டார். அது மின்விளக்குகளுக்கும் மேலே போனது. மைதானம் முழுவதும் தலையைத் தூக்கியது. வேலிக்கு அப்பால் விழுந்தால் அர்பாபுக்குச் சந்தோஷம், இடப்பக்க மேசையில் லீவு, ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டை. வேலிக்கு முன்னால் நீலக்காரர் ஒருவர் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

“புடிடா!” என்று கத்தினார் என் தங்கையின் கணவர். “டேய், புடிடா! புடி! புடி!”

பிடித்துவிட்டார்.

நீலம் வென்றது. ஐம்பது மஞ்சள் சட்டைகள் உட்கார்ந்திருக்க, ஒரு மஞ்சள் சட்டை மட்டும் நாற்காலி மேல் குதித்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் ராட்சதத் திரையில் அந்தக் காட்சியைத்தான் காட்டினார்கள். நீலப் பகுதியில் பெரிய சிரிப்பு எழுந்தது. திரையில் தன்னையே பார்த்ததும் செல்வராசு மெதுவாக இறங்கினார். அமெரிக்கர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “அந்த மாற்றம் தவறு. காற்று காப்பாற்றியது” என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எல்லோரும் செல்வராசுவின் லீவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கூட இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் முசஃபா திருப்பத்தை விட்டுவிட்டு ருவைஸ் சாலையில் வெகுதூரம் போய்விட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. கடைசியில் முனியசாமிதான் வாயைத் திறந்தார்.

“அண்ணே, ஊருக்குப் போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு லீவு, இன்னொண்ணு கேன்சல். நீங்க ரெண்டாவதுல போறீக.”

விசாவைக் கேன்சல் செய்து அனுப்பினால் திரும்ப வர முடியாது. பஸ்ஸில் எல்லோருக்கும் அது தெரியும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“நிச்சயத்துக்குப் போயிரலாம்ல?” என்றார் செல்வராசு. பிறகு, “கல்யாணத்துக்கு என்ன பண்றது?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. செல்வராசு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அந்தக் கோலத்தில் நிச்சயதார்த்தத்துக்கே போகலாம் என்று தோன்றியது. அட்மின் மேனேஜர் இரண்டு மேசைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“உன் லீவு அப்ரூவ் ஆகிவிட்டது” என்றார்.

செல்வராசு கைபேசியைப் பார்த்தார். மணல் கடிகாரம் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்திருந்தது. கீழே இருந்த தேதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“சார், நான் ஒரு வாரம்தான் கேட்டேன். இதுல ஒன்றரை மாசம் போட்டிருக்கு.”

“தெரியும்.”

“ஒரு வாரம் போதும் சார்.”

“போதாது” என்றார் அட்மின் மேனேஜர். பிறகு விளக்கினார். அர்பாப் நேற்றிரவு பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் கூட்டத்துக்குள் இந்த ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது. மஞ்சள் வென்ற ஆட்டங்களில் இந்த முகம் இல்லை, அன்றைக்கெல்லாம் இவர் சைட்டில் இருந்திருக்கிறார். பல கோடியைக் கொட்டி அமெரிக்காவிலிருந்து பயிற்சியாளர்களை வரவழைத்த முதலாளி கடைசியில் வந்து சேர்ந்த முடிவு எங்கள் ஊர் டீக்கடையில் இலவசமாகவே கிடைத்திருக்கும்: ஆளுக்கு ராசியில்லை. “ஃபைனல் முடியும்வரை இந்த ஆள் இந்த நாட்டில் இருக்கக் கூடாது. முடிந்ததும் வரட்டும். வேலை நன்றாகச் செய்கிறாராமே” என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட்டும் கம்பெனியே போட்டுவிட்டது. மறுநாள் காலையே விமானம்.

“ரிப்ளேஸ்மென்ட்?” என்று நான் கேட்டேன். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம்.

“இன்று மதியம் வந்துவிடுவார்” என்றார். இரண்டு மாதமாகக் குவைத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஆள் ஒரே இரவில் விடுபட்டுவிட்டார்.

அறைக்குத் திரும்பியதும் முனியசாமி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய லீவும் பெண்டிங்கில்தான் இருந்தது. கதை முழுவதையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு செல்வராசுவின் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, “அண்ணே, அந்தப் பழைய நீலச் சட்ட இன்னும் இருக்கா? எனக்குச் சேருமா?” என்றார்.

விமானத்தில் செல்வராசு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிறவரின் முகம் இல்லை அது. நாடு கடத்தப்படுகிறவரின் முகம். சாப்பாட்டுத் தட்டை வைத்த பணிப்பெண்ணிடம், “ஃபைனல் என்னிக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார். அந்தப் பெண் பழச்சாறு ஊற்றினார்.

திருச்சி விமான நிலைய வாசலில் தேன்மொழியும் கயல்விழியும் நின்றார்கள். தேன்மொழி கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, “எப்ப திரும்பணுமாம்?” என்றாள். ஒன்றரை மாதம் என்றேன். அவள் நம்பவில்லை. கைபேசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கயல் அவர் தோளில் தொங்கிய பையை வாங்கினாள். அவளுக்கு நினைவு தெரிந்து அவர் இத்தனை நாள் ஊரில் இருந்ததில்லை. போன தடவை அவளுடைய பட்டமளிப்புக்கு வந்தவர் படம் எடுத்த மறுநாளே கிளம்பிவிட்டார்.

“எப்படிப்பா குடுத்தாங்க இவ்ளோ லீவு?”

செல்வராசு என்னைப் பார்த்தார். நான் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்தேன்.

“இத்தன வருசமா கேட்டுப் பாத்தேம்மா” என்றார். “இந்தத் தடவ கத்திப் பாத்தேன்.”